மூன்று கிளைப் பாடம்: எந்தப் பொருளை வாங்கலாம், எதைக் கடையிலேயே விட்டுவிடலாம்

அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசின் மூன்று கிளைகள் பற்றிய பாடம் பெரும்பாலும் மூன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவே வந்துவிடும். வந்ததும் ஆசிரியரும் சரி, வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் அம்மா அப்பாவும் சரி, தேடிப் போவது ஒரே ரகப் பொருட்களைத்தான்: சுவரில் மாட்டும் மரப் படம், பிரித்து அடுக்கும் அட்டைகள், மடிப்புத் தாள், மசோதாப் பாதை விளையாட்டு, நாடகப் பெட்டி, அப்புறம் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை. எல்லாவற்றிலும் மூன்று கட்டடங்களின் படம் இருக்கும். எல்லாமே "எளிதில் புரியும்" என்றுதான் சொல்லிக்கொள்ளும்.

பாடம் முடிந்த ஒரு வாரம் கழித்துப் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "அதிபர் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அப்புறம் என்ன ஆகும்?" காங்கிரஸ் (செனட், பிரதிநிதிகள் சபை என்ற இரண்டு அவைகள் கொண்ட அமெரிக்க நாடாளுமன்றம்), அதிபர், உச்ச நீதிமன்றம் என்று மூன்று பெயரும் கடகடவென்று வரும். இந்தக் கேள்விக்குத்தான் பதில் வராது. காரணம் பிள்ளை இல்லை. யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பதோடு நின்றுவிடும் பொருளை வைத்துக் கற்றுக்கொடுத்தால் மூன்று தனித்தனி அலுவலகங்கள்தான் மனதில் பதியும். யார் யாரை, எதைக் கொண்டு நிறுத்த முடியும் என்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர். கீழே ஒவ்வொரு பொருளையும் அந்த அளவுகோலை வைத்துத்தான் பார்த்திருக்கிறோம்.

மரப் படம்

அதிகம் விற்பது இதுதான், குறைவாக உதவுவதும் இதுதான். ஒரு மரம், மூன்று கிளை, ஒவ்வொன்றிலும் ஒரு கட்டடம், அடியில் ஒரு வினைச்சொல்: இயற்றும், நிறைவேற்றும், விளக்கும். பல படங்களில் வெள்ளை மாளிகை நடுவில், மற்ற இரண்டையும்விட ஒரு விரற்கடை உயரத்தில் நிற்கும். ஓவியருக்கு அது சமச்சீர். பார்க்கும் பிள்ளைக்கோ அதிபர்தான் முதலாளி. அரசியலமைப்பின் வரிசையே வேறு. முதல் பிரிவு காங்கிரசுக்கு, இரண்டாவது அதிபருக்கு, மூன்றாவது நீதிமன்றத்துக்கு. முதல் பிரிவில் 10 உட்பிரிவுகள், இரண்டாவதில் 4, மூன்றாவதில் 3. ஒரே அகலத்தில் மூன்று காகிதப் பட்டைகளை 10 அங்குலம், 4 அங்குலம், 3 அங்குலம் என்று வெட்டிச் சுவரில் ஒட்டினால், 1787-இல் உட்கார்ந்து எழுதியவர்கள் எதைப் பற்றி அதிகம் கவலைப்பட்டார்கள் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். காசு கொடுத்து வாங்கும் மரத்தைவிட இந்த மூன்று பட்டைகள் மேல்.

படம் வேண்டுமென்றே நினைத்தால் அம்புகளை எண்ணுங்கள். மூன்று கிளை என்றால் ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற இரண்டுக்கும் போகிற ஆறு அம்புகள் இருக்க வேண்டும். அதிபரிடமிருந்து காங்கிரசுக்கு வீட்டோ, அதாவது மசோதாவைக் கையெழுத்துப் போடாமல் மறுத்துத் திருப்பி அனுப்புவது. காங்கிரசிலிருந்து அதிபருக்கு, வீட்டோவை மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் தள்ளிவிடுவது, செலவுக்குப் பணம் ஒதுக்குவது. அதிபரிடமிருந்து நீதிமன்றத்துக்கு, நீதிபதிகளை முன்மொழிவது. காங்கிரசிலிருந்து நீதிமன்றத்துக்கு, அந்த நீதிபதிகளை செனட் ஏற்பது அல்லது மறுப்பது. நீதிமன்றத்திலிருந்து காங்கிரசுக்கு, சட்டம் செல்லாது என்று சொல்வது. நீதிமன்றத்திலிருந்து அதிபருக்கு, உத்தரவு செல்லாது என்று சொல்வது. ஆறும் இருந்தால் வாங்கலாம். மூன்று வினைச்சொல் மட்டும்தான் என்றால் அது அலங்காரம்.

அச்சுப் பிழையை விட மோசமான பொருட்பிழைகள் இந்தப் படங்களில் சகஜம். "அதிபர் போர் அறிவிப்பார்" என்று இருந்தால் விட்டுவிடுங்கள். போர் அறிவிக்கும் அதிகாரம் காங்கிரசுடையது, கடைசியாக முறைப்படி அறிவித்தது 1942-இல். "உச்ச நீதிமன்றத்தில் 9 நீதிபதிகள் என்று அரசியலமைப்பு சொல்கிறது" என்பதும் தவறு. அரசியலமைப்பில் எண்ணே கிடையாது. 1789 சட்டத்தில் ஆறு பேர், பிறகு பல தடவை மாறி, 1869 சட்டத்திலிருந்துதான் ஒன்பது என்று நிலைத்தது. இம்பீச்மெண்ட் என்றாலே பதவி போய்விடும் என்பது போல எழுதியிருப்பார்கள். பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டும், செனட் விசாரிக்கும், மூன்றில் இரண்டு பங்கு வாக்கு விழுந்தால்தான் பதவி போகும். இதுவரை அப்படிப் பதவி இழந்த அதிபர் ஒருவர்கூட இல்லை.

பெற்றோருக்கு இடறும் இடம்

தமிழ்நாட்டில் குடிமையியல் படித்துவிட்டு வந்தவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல். நமக்குப் பழகிய முறையில் பிரதமரும் அமைச்சர்களும் அவையிலேயே உட்கார்ந்திருப்பார்கள். உறுப்பினராக இல்லாத ஒருவர் அமைச்சரானால் ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகிவிட வேண்டும். அமெரிக்காவில் இது தலைகீழ். முதல் பிரிவின் ஆறாவது உட்பிரிவு, நிர்வாகப் பதவியில் இருப்பவர் அந்தக் காலத்தில் காங்கிரஸ் உறுப்பினராக இருக்கக் கூடாது என்கிறது. செனட்டர் ஒருவர் அமைச்சரவைக்குப் போகிறார் என்றால் செனட் நாற்காலியை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதிபர் காங்கிரசைக் கலைக்க முடியாது. காங்கிரசும் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து அதிபரை இறக்க முடியாது. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது "பெரும்பான்மை இருக்கிற கட்சித் தலைவர்தான் அதிபர்" என்று வாய் தவறி வந்துவிட்டால், மறுநாள் பள்ளியில் அதைத் திருத்துவது ஆசிரியரின் வேலையாகிவிடும்.

துணை அதிபர் செனட்டுக்குத் தலைமை தாங்குவது மட்டும் நமக்குப் புதிதில்லை. இந்தியாவிலும் துணைக் குடியரசுத் தலைவர்தான் மாநிலங்களவைத் தலைவர். செனட்டில் வாக்கு சரிசமமானால் மட்டுமே துணை அதிபர் வாக்களிப்பார். விற்கும் அட்டைகளில் இந்த "மட்டுமே" விடுபட்டுப் போவதைப் பல இடங்களில் பார்க்கலாம்.

பிரித்து அடுக்கும் அட்டைகள்

காசு கொடுத்து ஒரே ஒரு பொருள்தான் வாங்குவது என்றால் இதை வாங்குங்கள். ஆனால் வாங்கியபடியே பயன்படுத்தாதீர்கள்.

முதல் குறை, நிறம். காங்கிரஸ் அட்டைகளுக்கு நீலக் கரை, அதிபருக்குச் சிவப்பு, நீதிமன்றத்துக்குப் பச்சை என்று அழகாக அச்சடித்திருப்பார்கள். பிள்ளை ஒரு வரிகூடப் படிக்காமல் கரையைப் பார்த்தே இரண்டு நிமிடத்தில் அடுக்கிவிடும், ஆசிரியரும் "ஆஹா, புரிந்துவிட்டது" என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். அட்டைகளைக் கருப்பு வெள்ளையில் ஒரு நகல் எடுத்து, கரையை வெட்டிவிட்டு நகலைக் கொடுங்கள். நிற அட்டை விடை பார்க்கப் பயன்படட்டும்.

இரண்டாவது, எழுதியிருக்கும் விதம். "சட்டம் இயற்றுகிறது", "சட்டத்தை நிறைவேற்றுகிறது" என்று சுவரொட்டியில் இருக்கும் அதே வார்த்தைகள் அட்டையிலும் இருந்தால் அது எழுத்துப் பொருத்தம் பார்க்கும் வேலை, அவ்வளவுதான். நல்ல அட்டையில் ஒரு நடப்பு இருக்கும். "தேசியப் பூங்காவில் ரேஞ்சர் ஒருவர் குப்பை போட்டவருக்கு அபராதம் போடுகிறார்." "வேறு நாட்டோடு போட்ட ஒப்பந்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் வேண்டும்." "புதுச் சட்டம் பேச்சுரிமையைப் பறிக்கிறது என்று ஒருவர் வழக்குப் போடுகிறார்." இப்படிப் படித்து யோசிக்க வேண்டிய அட்டைகள் ஒரு கட்டில் பாதியாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெற்று அட்டையில் நீங்களே எழுதிச் சேருங்கள்.

நிர்வாகக் கிளை என்றால் அதிபர் ஒருவர்தான் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வதற்கும் அட்டைகளே காரணம். வெள்ளை மாளிகை, அதிபர், துணை அதிபர், அமைச்சரவை என்று நாலு அட்டையோடு நிறுத்திவிடுகிறார்கள். 15 துறைகள், ராணுவம், நாசா, பூங்கா ரேஞ்சர், இறைச்சி ஆய்வாளர் எல்லாம் இந்தக் கிளைதான் என்று காட்டும் அட்டைகளைச் சேர்த்தால் பிள்ளை அன்றாடம் கேள்விப்படும் ஆட்கள் உள்ளே வந்துவிடுவார்கள். காங்கிரஸ் பக்கம் காங்கிரஸ் நூலகத்தை வையுங்கள். நூலகம் சட்டமியற்றும் கிளையில் இருக்கிறது என்றால் பெரியவர்களே புருவம் உயர்த்துவார்கள்.

"போலீஸ்காரர்" அட்டையை மட்டும் எடுத்துத் தூரப் போடுங்கள். பிள்ளை பார்க்கும் போலீஸ் பெரும்பாலும் நகரத்தையோ கவுண்டியையோ (நம் மாவட்டம் போன்றது) சேர்ந்தவர். மேயர், ஆளுநர், பள்ளி முதல்வர் அட்டைகளும் இதே குழப்பம்தான். மாநிலங்களுக்கும் தனியாக மூன்று கிளைகள் உண்டு என்பது அடுத்த பாடம். ஒரே கட்டில் இரண்டையும் கலந்து விற்பவர்கள் அட்டை எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டத்தான் அப்படிச் செய்கிறார்கள். (மாநிலத்துக்குப் போகும்போது நெப்ராஸ்காவை மறக்காதீர்கள். இரண்டு அவை இல்லாத ஒரே மாநிலம் அதுதான்.)

அடுக்கும் முறையையும் மாற்ற வேண்டும். மூன்று பத்தி கொண்ட பாய் கூடவே வரும். அதைச் சுருட்டி வைத்துவிட்டு, மூன்று பெரிய தாள்களைத் தரையில் முக்கோணமாகப் போடுங்கள். ஒரு கிளைக்கு மட்டும் உரிய அட்டை தாளின் மேல். இரண்டு கிளைகள் சேரும் அட்டை அந்த இரண்டு தாள்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியில். நீதிபதி நியமனம் அதிபருக்கா செனட்டுக்கா என்று சண்டை வரும். நடுவில் வை என்று சொன்னதும் சண்டை தீர்ந்துவிடும், பாடமும் முடிந்துவிடும். மூன்றாம் வகுப்புக்கு 18 அட்டை போதும்: கிளைக்கு ஐந்து, நடுவில் வைக்க மூன்று. ஐந்தாம் வகுப்புக்கு 30 வரை போகலாம், அதில் குறைந்தது பத்து நடுவில் வைப்பதாக இருக்கட்டும். 48, 60 என்று விற்கும் கட்டுகளில் பாதி ஒரே விஷயத்தைத் திருப்பிச் சொல்பவை.

மடிப்புத் தாள்

எட்டரைக்குப் பதினொரு அங்குலத் தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மேல்பாதியை இரண்டு இடத்தில் வெட்டினால் மூன்று கதவு. இதற்குக் காசு கொடுத்து அச்சுப்படி வாங்க வேண்டிய அவசியமே இல்லை. 11 அங்குலத்தில் மூன்றே முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இரண்டு கோடு போட்டால் முடிந்தது. பிள்ளைகள் இரண்டு மடிப்பையும் சேர்த்து வெட்டிவிடுவார்கள், அல்லது மடிப்புக்கோட்டையும் தாண்டிக் கதவைத் தனியாகப் பிய்த்துவிடுவார்கள். வெட்டுக்கோடு முடியும் இடத்தில் ஒரு கொட்டைப் புள்ளி வைத்து "இங்கே நில்" என்று சொல்லுங்கள், கீழ்ப்பாதியை உள்ளே விரல் விட்டுப் பிரித்துப் பிடித்துக்கொண்டு வெட்டச் சொல்லுங்கள்.

இதில் பெரிய நஷ்டம் நேரம்தான். கட்டடத்துக்கு வண்ணம் தீட்டியே பாடவேளை போய்விடும். கதவுக்குப் பின்னால் நாலே வரி: யார், எத்தனை ஆண்டு, என்ன வேலை, யாரை நிறுத்த முடியும். இரண்டாவது வரிக்கு விடை: பிரதிநிதி 2 ஆண்டு, செனட்டர் 6, அதிபர் 4, நீதிபதி நன்னடத்தை உள்ளவரை. நாலாவது வரியை எழுதி முடித்தவர்களுக்குத்தான் வண்ணப் பென்சில்.

மசோதாப் பாதை விளையாட்டு

பகடை உருட்டி மசோதாவைக் கட்டம் கட்டமாக நகர்த்தும் பலகை. பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் வாங்கும் முன் கடைசி ஐந்து கட்டங்களைப் பாருங்கள். அதிபர் கையெழுத்து, அடுத்த கட்டம் உச்ச நீதிமன்றம், அதற்கடுத்து "சட்டம்!" என்று இருந்தால் வேண்டாம். எல்லாச் சட்டமும் நீதிமன்றத்தின் முத்திரை வாங்கித்தான் வெளியே வரும் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும், அந்த நினைப்பு உயர்நிலைப் பள்ளி வரைக்கும் விட்டுப் போகாது. நீதிமன்றம் தானாக எழுந்து வந்து சட்டத்தைப் பரிசோதிப்பதில்லை. யாராவது வழக்குப் போட்டால்தான் அதன் வேலை ஆரம்பம். சட்டத்தைச் செல்லாததாக்கும் அதிகாரத்தையும் நீதிமன்றம் 1803-இல் மார்பரி எதிர் மேடிசன் வழக்கில்தான் உறுதியாக நிலைநாட்டியது.

குழுக் கட்டம், அதாவது மசோதாவை முதலில் ஆராயும் காங்கிரஸ் குழுவுக்கான கட்டம், இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலான மசோதாக்கள் குழுவிலேயே முடங்கிச் செத்துப்போகின்றன. முக்கால்வாசி ஆட்டக்காரர்கள் சட்டமாக்கி ஜெயித்துவிடும் பலகை உண்மையைக் காட்டவில்லை. குழுக் கட்டத்தில் "மசோதா நின்றது, முதலிலிருந்து தொடங்கு" என்று நாலு சீட்டுகளை நீங்களே எழுதிச் சேர்த்தால் எந்தப் பலகையும் ஓரளவு தேறிவிடும்.

நாடகப் பெட்டி

பேட்ஜ், மரச் சுத்தியல், மசோதாப் படிவம், "வீட்டோ" முத்திரை, சிலவற்றில் கருப்பு அங்கி. சரியாக நடத்தினால் இந்தப் பாடத்துக்கு இதைவிட நல்ல பொருள் கிடையாது. பெட்டியில் வரும் குறிப்புத் தாளை நம்பி நடத்தினால் பெரும்பாலும் சொதப்பும். எங்கே சொதப்புகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஆள் கணக்குதான் முதல் ஓட்டை. குறிப்புத் தாள்களில் செனட்டுக்கு ஆறு பேர் என்று இருக்கும். ஆறு பேரில் பெரும்பான்மை நாலு. மூன்றில் இரண்டு பங்கும் நாலு! அப்படியானால் மசோதாவை ஏற்கெனவே நிறைவேற்றிய செனட், அதே நாலு வாக்கை வைத்து வீட்டோவையும் தள்ளிவிடும். வீட்டோவுக்கு மதிப்பே இல்லாமல் போகிறது, பிள்ளைகளும் "அப்போ அதிபர் எதற்கு?" என்று சரியாகத்தான் கேட்பார்கள். நாலு பேர் வைத்தாலும் இதே கதை. வாக்கு சரிசமமாகி துணை அதிபருக்கு வேலை வர வேண்டுமானால் செனட் இரட்டைப்படையில் இருக்க வேண்டும். பெரும்பான்மையும் மூன்றில் இரண்டும் வேறுபட வேண்டுமானால் குறைந்தது எட்டுப் பேர் இருக்க வேண்டும். எட்டுக்குப் பெரும்பான்மை 5, மூன்றில் இரண்டு 6.

ஆக 24 பேர் உள்ள வகுப்புக்கு நாங்கள் சொல்லும் கணக்கு: பிரதிநிதிகள் சபை 11 (பெரும்பான்மை 6, மூன்றில் இரண்டு 8), செனட் 8, அதிபர் 1, துணை அதிபர் 1, நீதிபதிகள் 3. வகுப்பில் 20 பேர்தான் என்றால் சபை 10, செனட் 8, அதிபர், துணை அதிபர். மூன்றாவது சுற்றில் சபையிலிருந்து மூன்று பேரை எழுப்பி நீதிபதிகளாக உட்கார வையுங்கள். நிஜ எண்களைப் பலகையில் ஒரு மூலையில் எழுதி வைத்துவிடுங்கள்: 435, 100, 1, 9. எல்லோரும் வந்து வாக்களித்தால் வீட்டோவைத் தள்ளச் சபையில் 290, செனட்டில் 67.

அடுத்த ஓட்டை, மசோதாவின் பொருள். "வெள்ளிக்கிழமைதோறும் ஐஸ்கிரீம்" என்று பெட்டியில் ஒரு மசோதா இருக்கும். யார் எதிர்ப்பார்கள்? சபையில் 11-0, செனட்டில் 8-0, அதிபர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார், பத்து நிமிடத்தில் நாடகம் முடிந்துவிடும். மசோதாவுக்கு ஒரு விலை இருக்க வேண்டும். "விளையாட்டு இடைவேளை 10 நிமிடம் கூடும், பள்ளியும் 10 நிமிடம் தாமதமாக விடும்" என்று எழுதிப் பாருங்கள். பேருந்தில் போகிறவர்கள், மாலையில் வேறு வகுப்பு இருக்கிறவர்கள் எல்லாம் உடனே எதிர்க்கட்சி ஆகிவிடுவார்கள்.

வாக்கைக் கையுயர்த்தி எடுக்காதீர்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும் நண்பனைப் பார்த்துத்தான் கை தூக்கும். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு உள்ள சீட்டை மேசையில் வைத்துக் கையால் மூடிக்கொள்ளச் சொல்லி, "எடு" என்றதும் எல்லோரும் ஒன்றாகக் கையை எடுக்கச் செய்யுங்கள். பெட்டியில் சீட்டு இல்லாவிட்டால் அட்டையில் வெட்டிக்கொள்ளலாம். சுத்தியலை ஆசிரியரே வைத்துக்கொள்வது உத்தமம். அங்கி தேவையே இல்லை, அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

மூன்று சுற்றாக, 45 நிமிடப் பாடவேளை இரண்டில் நடத்தலாம்.

முதல் சுற்றில் மசோதா சபையில் நிறைவேறி செனட்டுக்குப் போகும். அங்கே யாராவது ஒருவரை "10 நிமிடத்தை 5 ஆக்குங்கள்" என்று திருத்தம் கொண்டுவரச் சொல்லுங்கள். திருத்தம் நிறைவேறினால் மசோதா அப்படியே அதிபரிடம் போகக் கூடாது. இரண்டு அவையிலும் ஒரு சொல் மாறாமல் ஒரே வாசகம் நிறைவேற வேண்டும். ஆகவே திரும்பச் சபைக்கு. பெட்டிக் குறிப்புகள் பெரும்பாலும் சொல்லிவைத்தாற்போல் தாண்டிப் போகும் இடம் இது, பிள்ளைகளுக்கு "ஏன் இரண்டு அவை?" என்று முதன்முதலாக உறைக்கும் இடமும் இதுதான்.

இரண்டாவது சுற்றில் அதிபர் மறுக்கிறார். ஏன் என்று எழுதி, மசோதா எந்த அவையில் தொடங்கியதோ அந்த அவைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். வெறும் முத்திரை குத்திவிட்டு உட்கார விடாதீர்கள். இரண்டு வரியாவது எழுதட்டும். பிறகு மறுவாக்கெடுப்பு, சபையில் 8, செனட்டில் 6. ஒன்றில் தோற்றாலும் மசோதா முடிந்தது. ஐந்தாம் வகுப்பாக இருந்தால் இங்கே ஒரு தகவல் எடுபடும்: பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மொத்தம் 635 மசோதாக்களை மறுத்தார், அவற்றில் காங்கிரஸ் தள்ளிவிட்டது ஒன்பதைத்தான். அதிபர் பத்து நாள் (ஞாயிறு கணக்கில்லை) கையெழுத்தே போடாமல் வைத்திருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி மூன்றாம் வகுப்பில் வேண்டாம். ஐந்தாம் வகுப்பில் யாராவது கேட்டால் சொல்லுங்கள்: காங்கிரஸ் கூட்டத்தொடரில் இருந்தால் கையெழுத்தில்லாமலே சட்டமாகிவிடும், கலைந்து போயிருந்தால் மசோதா செத்துவிடும்.

மூன்றாவது சுற்றில்தான் பெரும்பாலான பெட்டிகள் கவிழ்கின்றன. நீதிபதிகளிடம் "இந்தச் சட்டம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டுவிடுகிறார்கள். அப்படிக் கேட்டால் நீதிமன்றம் மூன்றாவது அவையாகிவிடும். நீதிபதி ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அரசியலமைப்பு வேண்டுமே! முதல் நாளே மூன்று விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். ஒன்று, இடைவேளை எல்லோருக்கும் ஒரே அளவு. இரண்டு, ஒருவர் சொல்வதைக் கேட்காமல் அவரைத் தண்டிக்கக் கூடாது. மூன்று, தன் முறை வரும்போது யாரும் தன் கருத்தைச் சொல்லலாம். இப்போது "வீட்டுப்பாடம் முடித்தவர்களுக்கு மட்டும் 10 நிமிடம் கூடுதல்" என்ற சட்டம் நிறைவேறட்டும். நீதிபதிகள் வாய் திறக்கக் கூடாது. இடைவேளை கிடைக்காத ஒரு பிள்ளை எழுந்து வந்து வழக்குப் போடும் வரை காத்திருக்க வேண்டும். வழக்கு வந்ததும் இரண்டு தரப்பும் ஒவ்வொரு நிமிடம் பேசலாம். நீதிபதிகள் தீர்ப்போடு விதியின் எண்ணையும் சொல்ல வேண்டும். எண் சொல்லாத தீர்ப்பு செல்லாது என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். "எனக்குப் பிடிக்கவில்லை" என்ற தீர்ப்பு அதோடு காணாமல் போகும்.

வீட்டில் ஒன்றிரண்டு பிள்ளைகள்தான் என்றால் பெட்டியே வேண்டாம். பதினொரு நாணயம் சபை, எட்டு நாணயம் செனட். குலுக்கிப் போட்டுத் தலை விழுந்தவற்றை ஆதரவு வாக்காக எண்ணுங்கள். பிள்ளைதான் அதிபர், கையெழுத்தா வீட்டோவா என்று அது முடிவு செய்யட்டும். நாணயத்தால் வீட்டோவைத் தள்ள முயன்றால் நூறில் இரண்டு தடவைகூட வராது. பொறுமையாக உட்கார்ந்து குலுக்கும் பிள்ளைக்கு மூன்றில் இரண்டு எவ்வளவு உயரமான சுவர் என்று தானாகத் தெரிந்துவிடும். நிஜ உறுப்பினர்கள் நாணயம் போல வாக்களிப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இலவசமாகக் கிடைப்பவை

பென்ஸ் கைடு என்ற தளத்தை நடத்துவது அமெரிக்க அரசு வெளியீட்டு அலுவலகம். அச்சுத்தொழில் செய்த பெஞ்சமின் பிராங்க்ளின்தான் அதன் கார்ட்டூன் வழிகாட்டி. ஒரே விஷயத்தை மூன்று நிலைகளில் எழுதியிருக்கிறார்கள்: 4 முதல் 8 வயது, 9 முதல் 13, 14-க்கு மேல். வயதைப் பார்த்துத் திறக்காமல் வாசிப்பைப் பார்த்துத் திறப்பது நல்லது. மூன்றாம் வகுப்புக்கு முதல் நிலையில் தொடங்கி, நன்றாகப் படிக்கும் பிள்ளையை அடுத்த நிலைக்குத் தள்ளுங்கள். நம்பகமான உரை, விளம்பரம் இல்லை. ஆனால் இது வாசிக்கிற பொருள். தனியாகக் கொடுத்தால் பிள்ளை ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விடும். அட்டை அடுக்கும்போது சண்டை வந்தால் விடை தேடும் இடமாக வைத்துக்கொண்டால் சரியாகப் பொருந்தும். இன்னொரு சுவை: இதை வெளியிடும் அலுவலகமே சட்டமியற்றும் கிளையைச் சேர்ந்தது. அதையும் ஒரு அட்டையாக எழுதிவிடலாம்.

ஐசிவிக்ஸ், உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியான சாண்ட்ரா டே ஓ'கானர் 2009-இல் தொடங்கிய குடிமையியல் தளம். அதிலுள்ள கணினி விளையாட்டுகளில் பிள்ளை மூன்று கிளைகளிலும் மாறி மாறி உட்கார்ந்து முடிவெடுக்க முடியும், நாம் கேட்கும் "யார் யாரை நிறுத்துகிறார்கள்" அங்கே இருக்கிறது. ஆனால் படிக்க வேண்டிய வரிகள் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றவை. ஐந்தாம் வகுப்புக்குப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தால் ஓடும். மூன்றாம் வகுப்புக்குக் கொடுத்தால் பிள்ளை படிக்காமல் பொத்தானை அழுத்திக்கொண்டே போகும்.

ஐந்தாம் வகுப்புக்கு யாரும் அதிகம் சொல்லாத ஒன்று, காங்கிரசின் சொந்தத் தளமான காங்கிரஸ்.கவ். நிஜ மசோதா ஒன்றைத் திறந்தால் மேலே அதன் நிலை ஒரு பட்டையாகத் தெரியும்: அறிமுகம், சபையில் நிறைவேறியது, செனட்டில் நிறைவேறியது, அதிபரிடம், சட்டம். பிள்ளைக்கு எடுத்துக்கொடுக்க, அஞ்சலகத்துக்குப் பெயர் சூட்டும் மசோதாவைத் தேடுங்கள். அவை பெரும்பாலும் ஒன்றிரண்டு பக்கத்தில் முடிந்துவிடும், இன்ன தெருவில் உள்ள அஞ்சலகத்துக்கு இன்னார் பெயர் என்ற அளவில்தான் இருக்கும், முழுதாகப் படிக்கலாம். எண்ணுக்கு முன்னால் எச்.ஆர். என்று இருந்தால் சபையில் தொடங்கியது, எஸ். என்றால் செனட்டில். ஒன்று சட்டமானது, ஒன்று அறிமுகத்தோடு நின்றது என்று இரண்டை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நின்றுபோனது பழைய காங்கிரசைச் சேர்ந்ததாக இருக்கட்டும்: ஒரு காங்கிரசின் ஆயுள் இரண்டு ஆண்டு, அது முடிந்ததும் முடிவாகாத மசோதாக்கள் எல்லாம் காலாவதி, திரும்ப வேண்டுமென்றால் புது எண்ணில் முதலிலிருந்து கொண்டுவர வேண்டும். இப்போதைய காங்கிரசில் உள்ளதை எடுத்தால் பாடம் நடக்கும் வாரத்திலேயே பட்டை நகர்ந்துவிடக் கூடும். அதற்காகவே அப்படி ஒன்றையும் கூடுதலாக எடுத்து வைக்கலாம்.